கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?



சில மாதங்களுக்கு முன் காட்பாடியில் ரயில் ஏறித் திருப்பதிக்குச் சென்றேன். வேலை நிமித்தமாக அங்கே குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைச் சந்திப்பதற்கான பயணம் அது. சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகச் செல்லும் அந்தப் பாதையில் இரண்டு வகையான பயணிகளை எப்போதும் காணலாம். திருமலைக்கு நேர்ந்துகொண்டு குடும்பம் குடும்பமாகச் செல்கிறவர்கள் ஒரு பக்கம். வேலூரில் மருத்துவரைக் கண்டுவிட்டு, பெரிய எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் மறுபக்கம்.

என் எதிரே அமர்ந்திருந்த வயதான தாயார் ஒருவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். என் கையிலிருந்த வேதாகமத்தைக் கண்டு பேச்சுக் கொடுத்தவர், சற்று நேரத்தில் தம் செல்பேசியை என்னிடம் நீட்டினார். "ஐயா, பெங்களூரில் இருக்கிற என் மகன் இதை அனுப்பியிருக்கிறான். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தை நாற்பது நாள் குடித்தால் போதுமாம். குடிக்கலாமா?" என்று கேட்டார்.

"அம்மா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள்" என்றேன். எளிய பதில்தான். ஆனால் இந்தப் பதிலைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு விலை செலுத்த வேண்டியிருந்தது. அதைச் செலுத்தியவன் நான் அல்ல, எங்கள் சபையின் சகோதரர் ஒருவர். இந்த மாதம் அதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

நான் அனுப்பிய செய்தி

அந்தச் சகோதரர் சித்தூர் எல்லையோரத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காகப் பட்டணம் வந்தவர். ஒரே அறையில் மனைவியோடும் சிறு பெண்பிள்ளையோடும் குடியிருந்தார். தொடர்ந்து இருமல் இருக்கவே, அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் காசநோய் என்று கண்டறிந்தார்கள். ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சபையாக ஜெபித்தோம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றது, எடை கூடியது, முகத்தில் களை வந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. ஒரு குறிப்பிட்ட இலையின் சாறு நுரையீரல் கிருமிகளை இருபத்தொரு நாளில் அழித்துவிடும் என்றும், ஆங்கில மாத்திரைகள் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு வேத வசனமும் சேர்த்திருந்தார்கள். அனுப்பியவர் எனக்கு வேண்டிய ஊழியர். நான் அதை முழுவதும் படிக்கவில்லை. யாருக்காவது பிரயோஜனப்படட்டும் என்று எண்ணி, சபைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சகோதரர் மாத்திரையை நிறுத்தினார். நான்கு மாதம் கழித்து இருமலில் இரத்தம் வந்தது. மறுபடியும் பரிசோதித்தபோது, முன்பு கொடுத்த மருந்துகளில் முக்கியமானவற்றுக்குக் கிருமிகள் அடங்காதவையாக மாறிவிட்டிருந்தன. முன்னிலும் கடினமான, நீண்ட சிகிச்சை தொடங்கியது. மனைவிக்கும் பிள்ளைக்கும் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்து வேலை போயிற்று, ஊரில் இருந்த சிறு நிலமும் அடகுக்குப் போயிற்று.

மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, "தம்பி, ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைக் குற்றப்படுத்தவில்லை. "ஐயா, வேறு யார் அனுப்பியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நீங்கள் அனுப்பியதால் நம்பினேன்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுவிசேஷத்தில் வரும் அந்த நான்கு பேர் நினைவில் வந்துகொண்டே இருந்தார்கள். திமிர்வாதக்காரனான தங்கள் நண்பனைச் சுமந்து வந்தவர்கள். வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் போகாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவனை உள்ளே இறக்கினவர்கள். வழி அடைபட்ட இடத்தில் புது வழி கண்ட அவர்களுடைய புத்திசாலித்தனத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ஒரு காரியத்தை அன்றுதான் கவனித்தேன். படுக்கை தரையைத் தொடும்வரை அவர்களில் ஒருவராவது கையை விட்டிருந்தால், அந்த நண்பனின் கதி என்ன? நானோ கூரையை மட்டும் பிரித்தேன். கயிற்றைப் பிடிக்கவில்லை.

ஆரோக்கியவரம் முதல் சேத்துப்பட்டு வரை

நோயாளிக்கும் சுகம் தரும் கைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே மருத்துவத் துறையில் தலைமை வகித்தவர்கள் யாவரும் செய்த வேலை. நான் சென்ற அந்த ரயில் பாதையைச் சுற்றியே அதற்கு நல்ல சாட்சிகள் உண்டு.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார், நூறாண்டுகளுக்கு முன்பே, நோயாளிகள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல் மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். மரத்தடிகளே அவருடைய மருத்துவமனை ஆயின. மோட்டார் வண்டி அந்நாளின் புதிய தொழில்நுட்பம். ஆனால் ஜனங்கள் வண்டியை நம்பிக் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அந்த அம்மையார் வருவார் என்பதை நம்பியே காத்திருந்தார்கள்.

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்றோர் இடம் உண்டு. பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து காசநோயாளிகளுக்காக அமைத்த சானடோரியம் 1915-இல் அங்கே திறக்கப்பட்டது. டென்மார்க் தேசத்து மிஷனெரி மருத்துவரான கிறிஸ்தியான் ஃப்ரிமொட்-மோலர் அதை நடத்தினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான ஆகாரம் ஆகிய மூன்றையும்தான் கொடுக்க முடிந்தது. ஊரார் ஒதுக்கிவைத்த நோயாளிகளை மாதக்கணக்கில் உடன் வைத்துப் பராமரித்தார்கள். 1948-இல் நம் தேசத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி தொடங்கிய இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று.

பின்பு மருந்துகள் வந்தன. ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் கட்டில் ஏது? இந்தக் கேள்விக்குப் பதில் சென்னையிலிருந்து வந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. பட்டணத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பிரிவினருக்கு அதே மருந்துகளைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். நெருக்கமான குடியிருப்பு, குறைந்த ஆகாரம், அன்றாட வேலை என்று இவர்களுக்கு எல்லாமே பாதகம். ஆயினும் ஒரு வருஷ முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். 1959-இல் வெளியான அந்த அறிக்கை உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் முறையை மாற்றியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாத்திரையைக் கையில் கொடுத்து, "போய் வா" என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உட்கொண்டாரா என்று அறியச் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். வராதவர்களைத் தேடிப் போனார்கள். சானடோரியத்தின் சுவரைத்தான் எடுத்துவிட்டார்கள், நோயாளியைக் கைவிடவில்லை.

அரகொண்டாவின் செயற்கைக்கோள் இணைப்பு

சித்தூருக்கு அருகே அரகொண்டா என்ற கிராமம் இருக்கிறது. அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டி 1933-இல் பிறந்த ஊர் அது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் இருதய மருத்துவராகப் பணிபுரிந்துவந்த அவர், தம் தந்தையின் கடிதத்தை ஏற்றுத் தாய்நாடு திரும்பினார். வெளிநாடு சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் பணம் திரட்ட முடியாமல் 1979-இல் இளம் நோயாளி ஒருவர் தம் கண்முன் இறந்ததே மருத்துவமனை தொடங்கத் தம்மைத் தூண்டியது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1983-இல் சென்னையில் முதல் அப்போலோ மருத்துவமனை திறக்கப்பட்டது. பெரிய தனியார் மருத்துவமனைகளின் கட்டணம் ஏழைக்கு எட்டாதது என்ற மனக்குறை நம்மில் பலருக்கு உண்டு. அது நியாயமானதே. ஆனாலும் அரகொண்டாவில் நடந்ததை நாம் அறிந்திருப்பது நல்லது.

2000-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி, இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் அரகொண்டாவின் தொலைமருத்துவ இணைப்பைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டில் இஸ்ரோவும் தன் செயற்கைக்கோள் வழியாக அந்தக் கிராம மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்தது. கிராமத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் இருதயத் துடிப்பின் வரைபடத்தையும் சென்னையில் இருக்கும் நிபுணர் கண்டு, அப்போதே ஆலோசனை சொல்ல வழி பிறந்தது. நம்மில் பலர் செல்பேசியையே கண்டிராத காலம் அது!

அங்கேயும் ஒரு ஒழுங்கு இருந்தது. இந்த முனையில் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மருத்துவர் நின்றார். அந்த முனையில் பெயரும் பதவியும் உள்ள ஒரு மருத்துவர் அமர்ந்திருந்தார். இருபது ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2020 மார்ச் 25-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் இதையே விதியாக்கின. மருத்துவரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறியாமல் ஆலோசனை நடக்கக் கூடாது. மருந்துச் சீட்டிலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் மருத்துவர் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்த விதியை வாசித்தபோது, கயிற்றின் நுனியில் ஒரு கை இருந்தே தீர வேண்டும் என்று அரசாங்கமே சொல்வதுபோல் எனக்குத் தோன்றியது.

கை தளர்ந்தால் என்ன நேரிடும் என்பதையும் திருப்பதி கண்டிருக்கிறது. 2021 மே 10-ஆம் தேதி இரவு, ரூயா அரசு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் லாரி தாமதமாயிற்று. குழாயில் அழுத்தம் குறைந்தது. அரசுக் கணக்கின்படியே 11 நோயாளிகள் மாண்டார்கள். கருவிகள் எல்லாம் இருந்தன. ஆனால் லாரி எங்கே வருகிறது, தொட்டியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கண்விழித்துப் பார்ப்பதும் மருத்துவம்தான். தலைமை என்பது நாற்காலியைக் குறிக்கும் சொல் அல்ல, அந்தக் கண்விழிப்பையே குறிக்கும்.

கையில் இருக்கும் கருவி

அரகொண்டாவில் அன்று பெரிய தட்டு வடிவ ஆண்டெனாவைக் கொண்டு செய்ததை, இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியே செய்துவிடுகிறது. அரசாங்கத்தின் இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். அதே செல்பேசியில்தான் பெயரில்லாத கஷாயச் செய்தியும் வருகிறது. இரண்டுமே தூரத்தைக் குறைக்கின்றன. ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு, மற்றதற்கு இல்லை.

2021 மே மாதத்தில், நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணப்பட்டினத்தில் கொரோனாவுக்கு மருந்து தருகிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கண்ணில் விட்ட சொட்டு மருந்தால் தமக்கு மூச்சு சீரானதாக ஒரு பெரியவர் பேசிய காணொளி எங்கும் பரவியது. சில நாட்களிலேயே அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். காணொளியைக் கண்டவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய மரணச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்?

மற்றவர்களைக் குறைசொல்ல இதை நான் எழுதவில்லை. நம் கூட்டங்களிலும் இப்படி நடக்கிறது. மேடையில் சாட்சி சொல்லும்போதே மாத்திரைப் பெட்டியைத் தூக்கியெறிந்ததாகச் சொல்பவர்களைக் கண்டு கைதட்டியிருக்கிறோம். ஜெபத்தைக் கேட்கிற தேவன் சுகம் தருகிறார் என்று விசுவாசிக்கிறவர்கள் நாம். அதில் எனக்குச் சற்றும் சந்தேகம் இல்லை. ஆனால் குஷ்டரோகியைச் சுகமாக்கிய ஆண்டவர், நேரே ஊருக்குள் போய்ச் சாட்சி சொல் என்று அவனை அனுப்பவில்லை. ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். சுகமானதை ஆராய்ந்து சொல்வது அந்நாளில் ஆசாரியனின் வேலை. உண்மையான சுகம் பரிசோதனைக்கு அஞ்சுவதில்லை. சுகமடைந்தேன் என்கிறவர் மருத்துவரிடம் சென்று காண்பித்து, அவர் நிறுத்தச் சொன்னபின் மருந்தை நிறுத்துவது அவிசுவாசம் ஆகாது.

நம் வீட்டுக்கும் சபைக்கும்

ஊரைவிட்டுப் பட்டணம் வந்தவர்கள் நாம். நம்மில் அநேகருடைய பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்தி அனுப்புவது எளிது, உடன் இருப்பது கடினம். ஆகவே எங்கள் சபையில் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். உங்களுக்கும் உதவக்கூடும்.

மருத்துவம் சம்பந்தமான எந்தச் செய்தியையும், அதற்குப் பதில் சொல்லத்தக்க ஒருவருடைய பெயர் இல்லாவிட்டால் நாங்கள் அனுப்புவதில்லை. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற செய்தி எவ்வளவு பக்தியாய் எழுதப்பட்டிருந்தாலும் அதை அங்கேயே அழித்துவிடுகிறோம். தவறாக ஒன்றை அனுப்பிவிட்டால், அனுப்பினவரே அதே குழுவில் அது தவறு என்று எழுத வேண்டும். முதலாவது அப்படி எழுதியவன் நான்தான்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய ஸ்கேன் அறிக்கையையோ, கட்டிலில் கிடக்கும் படத்தையோ அவருடைய சம்மதமின்றிப் பகிர்வதில்லை. நம்மில் ஒரு சகோதரியின் வியாதி அவளுடைய வேலை செய்யும் இடம்வரை எட்டியதால் அவள் பட்ட அவமானத்தை நான் அறிவேன். பெயர் சொல்லாமலே ஜெபிக்கலாம். தேவன் விலாசம் கேட்பதில்லை.

வாலிபப் பிள்ளைகள் தங்கள் திறமையை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆறு மாத மாத்திரையை ஏன் பாதியில் விடக்கூடாது என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு நிமிடக் காணொளியாக எடுத்தார்கள். அதில் பேசுகிறவர் வேறு யாருமல்ல, நான் மேலே சொன்ன அந்தச் சகோதரர்தான். ஆம், அவர் சிகிச்சையை முடித்து இன்று சுகமாயிருக்கிறார். காணொளியின் முடிவில் காசநோய் உதவிக்கான இலவச எண் 1800-11-6666 வரும்படி செய்திருக்கிறார்கள். வேலை தேடி வேறு ஊருக்குப் போனாலும் சிகிச்சையை அங்கே தொடரலாம் என்பதையும் அவர் மறவாமல் சொல்கிறார். இடம் மாறியதால் மருந்தை விட்டவர்கள் நம் ஜனங்களில் அநேகர் உண்டு.

கடைசியாக, எல்லாவற்றிலும் எளிய ஒன்று. சபையில் மருந்து சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒருவரை ஏற்படுத்தியிருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்து, "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தச் சகோதரர் கடினமான சிகிச்சையில் இருந்த மாதங்களில் அவரை அழைக்கும் முறையை நான் எடுத்துக்கொண்டேன். சில இரவுகளில் அவர் எரிச்சலோடு பேசினார், சில இரவுகளில் அழுதார். பல இரவுகளில், "சாப்பிட்டேன் ஐயா" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டார். செய்தியை அனுப்ப எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று ரயிலிலிருந்து இறங்கும் முன் அந்தத் தாயார் மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் என் மகன் அனுப்பியது தப்பா ஐயா? பாசத்தில்தானே அனுப்பினான்?"

"பாசத்தில்தான் அனுப்பினார் அம்மா. ஆனால் இனிமேல் செய்தி அனுப்புவதற்குப் பதிலாக, தினமும் இரவு உங்களைக் கூப்பிட்டு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷமும் ஏக்கமும் கலந்திருந்தன.

இந்தப் பத்தியை வாசித்து முடித்ததும், ஊரில் இருக்கும் உங்கள் தாயையோ தகப்பனையோ அழையுங்கள். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களைச் சரீர சுகத்தோடு காப்பாராக. அடுத்த மாதம் சந்திப்போம்.